காய்ச்சல் விட்ட மறுநாள்



மாரி மழை தொடங்கியதிலிருந்து காலையில் இடாப்புக் கூப்பிடும்போது ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பெயர்களுக்குப் பதில் வருவதில்லை. லீவுக் கடிதங்களில் காரணம் ஒன்றுதான்: காய்ச்சல். சிலருக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சல், சிலருக்கு டெங்கு. போன கிழமை தரம் 10 இல் ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "சேர், டெங்குக்கு மருந்தே இல்ல எண்டுதானே சொல்றாங்க. அப்ப வார்ட்டுல இருக்கிற ஆக்களுக்கு எப்புடிச் சுகமாகுது?"

வகுப்பில் சிரித்தார்கள். ஆனால் இது சிரிக்கிற கேள்வி இல்லை. காய்ச்சல் வந்த வீடுகளில் நடக்கிற பல பிழையான காரியங்கள் இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால்தான் நடக்கின்றன. அதனால் வகுப்பில் சொன்னதைக் கொஞ்சம் விரித்துப் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறோம். நீளமான பதிவுதான். முழுக்க வாசிக்க நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசித்துவிடுங்கள்.

அந்த மாணவருக்கு நாங்கள் சொன்ன விடை: சுகப்படுத்துவது அவர்களுடைய உடம்புதான், அல்லாஹ் அதற்குள் வைத்திருக்கிற ஏற்பாட்டைக் கொண்டு. அந்த உடம்பு தன் வேலையை முடிக்கும் வரைக்கும் ஆளைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியசாலையின் வேலை.

பாடப் புத்தகத்தில் நிர்ப்பீடனம் என்றதும் பிறபொருளெதிரியும் தடுப்பூசியும்தான் முன்னுக்கு வரும். பிள்ளைகளும் அதைத்தான் பரீட்சைக்குப் பாடமாக்குவார்கள். அவை முக்கியம்தான். ஆனால் புதிதாக வந்த ஒரு வைரஸுக்குப் பொருத்தமான பிறபொருளெதிரியைப் போதிய அளவு உண்டாக்க உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒரு கிழமை எடுக்கும். கலத்துக்குள் புகுந்த வைரஸோ ஒரு நாளைக்குள் பல மடங்காகப் பெருகிவிடும். இடைப்பட்ட அந்த நாட்களில் நம்மைக் காப்பது யார்? பிறக்கும்போதே நம்மோடு வருகிற, யாரும் கற்றுக்கொடுக்காத, எந்த ஊசியும் தராத இன்னொரு காவல் இருக்கிறது. பிறவி நிர்ப்பீடனம் என்று அதைச் சொல்லலாம். பூச்சிகளுக்கும் இது உண்டு. ஏன், டெங்கைக் காவித் திரிகிற நுளம்புக்கும் உண்டு. அதற்குப் பிறபொருளெதிரி கிடையாது, இந்தக் காவல் மட்டும்தான்.

முதல் வேலி தோல். அடுத்தது மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிற சீதமும், அதில் ஒட்டியதை மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கிற பிசிர்களும். தடிமன் வைரஸ் இவற்றோடு மல்லுக்கட்டித்தான் உள்ளே வரவேண்டும். டெங்கு வைரஸுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஈடிஸ் நுளம்பு ஊசியைக் குத்தித் தோலுக்குக் கீழேயே அதை இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கே மரக்கிளை போலக் கைகளை விரித்துக்கொண்டு காவல் நிற்கிற கலங்கள் இருக்கின்றன. டென்ட்ரிட்டிக் கலங்கள் என்று பெயர். 1973 இல் இவற்றை இனங்கண்டு பெயர் வைத்தவர் ரால்ப் ஸ்டைன்மன். 2011 இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்று நாட்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்பது அறிவித்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் பரிசை மாற்றவில்லை.

டெங்கு வைரஸின் துணிச்சலைப் பாருங்கள். அது முதலில் போய்ப் புகுவதே இந்தக் காவல் கலங்களுக்குள்தான்.

சரி, புகுந்துவிட்டது. கலத்துக்கு எப்படித் தெரியும்? எங்களை எப்போதும் வியக்க வைக்கிற இடம் இது. வைரஸ் என்பது ஒரு புரத உறைக்குள் சுற்றிய கொஞ்சம் மரபுப் பொருள். டெங்கில் அது ஆர்.என்.ஏ. நம் கலத்துக்குள்ளும் ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எல்லாம் ஒரே இரசாயனம். கூட்டத்துக்குள் வந்து நிற்கிற அந்நியனை எதை வைத்துப் பிடிப்பது?

கலத்தின் கருவை ஒரு பிரதேச செயலகம் என்று வையுங்கள். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற கட்டளை அங்கிருந்து ஆர்.என்.ஏ. என்ற கடிதமாக வெளியே வருகிறது. ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் ஒரு முத்திரை இருக்கும், அதாவது ஒரு சிறு இரசாயன மூடி. கடிதம் ஒற்றை இழையாகத்தான் இருக்கும். வைரஸின் ஆர்.என்.ஏ.க்குப் பல நேரம் இந்த முத்திரை இருக்காது. அது தன்னைப் பிரதி எடுக்கும்போது இரண்டு இழைகள் நீளத்துக்கு ஒட்டிக்கொண்ட உருவமும் எடுக்கும். கருவுக்கு வெளியே அப்படி ஒரு நீண்ட இரட்டை இழை சாதாரண நாட்களில் காணப்படுவதில்லை. இந்த வித்தியாசங்களைத் தடவிப் பார்ப்பதற்கென்றே சில புரதங்கள் கலத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ரிக்-ஐ என்ற புரதம் முத்திரையில்லாத தலைப்பைப் பிடிக்கும். எம்.டி.ஏ.5 என்பது நீண்ட இரட்டை இழையைப் பிடிக்கும். கலம் வெளியிலிருந்து விழுங்கிய சிறு பைகளுக்குள் இதே வேலையைச் செய்ய டோல் வகை உணரிகள் இருக்கின்றன.

இவற்றுக்கு டெங்கு, கொரோனா, இன்புளுவென்சா என்ற பெயர் எதுவும் தெரியாது. தெரியத் தேவையுமில்லை. 'இது நம்மட கந்தோரிலிருந்து வந்த கடிதம் இல்லை' என்று தெரிந்தால் போதும். இப்படி ஒரு ஏற்பாடு இருக்கத்தான் வேண்டும் என்று 1989 இல் சார்ள்ஸ் ஜேன்வே என்ற அமெரிக்க விஞ்ஞானி, கையில் பெரிய ஆதாரம் இல்லாமலே, யோசித்துச் சொன்னார். 1996 இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹொப்மனின் குழு பழ ஈயில் டோல் என்ற மரபணு இல்லாவிட்டால் அது பங்கசுத் தொற்றில் செத்துப்போவதைக் கண்டது. 1998 இல் புரூஸ் பொய்ட்லர் எலியில் அதே குடும்பத்து உணரியைக் கண்டார். இந்த இருவரும் ஸ்டைன்மனோடு அதே 2011 நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஜேன்வே அதற்கு முன்பே, 2003 இல், காலமாகிவிட்டார். ஈயைப் பிடித்து வைத்து என்னத்தைப் படிப்பது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

டெங்கு வைரஸுக்கும் இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். அது தன் ஆர்.என்.ஏ.க்குத் தானே முத்திரை குத்திக்கொள்ளும், அசல் மாதிரியே. கள்ள முத்திரை! ஆனால் பிரதி எடுக்கும் நேரத்தில் இரட்டை இழையை மறைக்க வேண்டுமே. அதற்காகக் கலத்தின் உட்சவ்வுகளை வளைத்துச் சிறு சிறு பைகளாக்கி, அதற்குள் ஒளிந்திருந்து பிரதி எடுக்கும். ஆனாலும் முழுக்க ஒளிய முடிவதில்லை. எங்காவது ஒரு துண்டு கசிந்து ரிக்-ஐயின் கையில் பட்டுவிடும்.

பட்டதும் செய்தி இழைமணியின் மேற்பரப்புக்குப் போகிறது. பாடத்தில் இழைமணி என்றால் சக்தி உண்டாக்கும் இடம் என்று மட்டும்தான் படிக்கிறோம். இங்கே அது தந்திக் கந்தோர் வேலையும் பார்க்கிறது. அங்கிருந்து கருவுக்குச் செய்தி. கரு உடனே இன்டர்பெரோன் என்ற புரதத்தைச் செய்யக் கட்டளையிடுகிறது. அந்த இன்டர்பெரோன் கலத்தை விட்டு வெளியே போகிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவசர அறிவித்தல் சொல்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்தல் சொன்ன கலம் தப்பினாலும் தப்பும், தப்பாமலும் போகும். ஆனால் அதைக் கேட்ட பக்கத்து வீடுகளெல்லாம் கதவைப் பூட்டிவிடும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் அந்த வீடுகளில் விழித்துக்கொள்ளும். ஒரு புரதம், வைரஸ் வந்தால் புரதம் செய்யும் வேலையையே நிறுத்தி வைக்கும். இன்னொன்று ஆர்.என்.ஏ.யைத் துண்டு துண்டாக வெட்டிப்போடும். பிறகு வைரஸ் உள்ளே வந்தாலும் அங்கே அதற்குத் தொழிற்சாலை இல்லை.

இதைக் கண்டுபிடித்தது 1957 இல், லண்டனில். அலிக் ஐசக்ஸ், ஜோன் லின்டன்மன் என்ற இருவர். கோழி முட்டைக்குள் இருக்கிற சவ்வை எடுத்து, சூடாக்கிச் செயலிழக்க வைத்த இன்புளுவென்சா வைரஸோடு வைத்தார்கள். பிறகு அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து வேறொரு புதிய சவ்வில் இட்டார்கள். அந்தப் புதிய சவ்வில் உயிருள்ள வைரஸ் வளர முடியவில்லை. ஆக, முதல் சவ்வு ஏதோ ஒன்றைச் சுரந்திருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் இன்டர்பெரோன். முட்டையும் சூடாக்கியும் வைத்துக்கொண்டு செய்த வேலை. ஆய்வுகூடத்தில் சாமான் இல்லை என்று எங்களைப் போல் குறைப்படுகிற ஆசிரியர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

இன்னொரு காவல்காரர் இயற்கைக் கொல்லிக் கலம். நம் ஒவ்வொரு கலமும் வெளிப்பக்கத்தில் ஒரு அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டிருக்கும். சில வைரஸ்கள் தாங்கள் புகுந்த கலத்தின் அட்டையை ஒளித்துவிடும். கொல்லிக் கலம் அட்டை இல்லாதவனைப் பிடித்துத் தீர்த்துவிடும். சோதனைச் சாவடிகளைத் தாண்டி வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டெங்கு இங்கேயும் கெட்டிக்காரன். அது அட்டையை ஒளிப்பதில்லை, வழமையை விடக் கூடுதலாக எடுத்துக் காட்ட வைக்கும்.

இப்போது காய்ச்சலுக்கு வருவோம்.

காய்ச்சலை வைரஸ் தருகிறது என்றுதான் நாம் எல்லோரும் பேசுகிறோம். உண்மையில் சூட்டை ஏற்றுவது நம் உடம்பு. மேலே சொன்ன காவல் கலங்கள் விடுகிற இரசாயனத் தூதுகள் இரத்தத்தோடு மூளைக்குப் போய், பரிவகக்கீழ் என்ற பகுதியில் வெப்பநிலையின் அளவை மேலே திருப்பி வைக்கின்றன. உடம்பு 37 பாகையில் இருக்கும்போது மூளை 39 வேண்டும் என்கிறது. அதனால்தான் குளிர்கிறது, நடுங்குகிறது, பிள்ளை போர்வை கேட்கிறது. அந்தச் சூட்டில் பல வைரஸ்கள் மந்தமாகும், வெண்குருதிக் கலங்கள் சுறுசுறுப்பாகும். கை கால் உளைச்சல், தலையிடி, சாப்பாட்டில் மனமில்லாமை, படுத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது எல்லாம் பெரும்பாலும் இதே தூதுகளின் வேலை. ஆதாரம் கேட்டால்: ஈரல் அழற்சி நோயாளிகளுக்குப் பல வருடங்களாக இன்டர்பெரோனையே மருந்தாக ஊசி போட்டு வந்தார்கள். ஊசி போட்ட அன்று அவர்களுக்குக் காய்ச்சல், உடம்பு உளைச்சல், சோர்வு. அப்படியே வைரஸ் காய்ச்சல் வந்த ஆள் மாதிரி. ஊசிக்குள் இருந்தது வைரஸ் இல்லை.

காய்ச்சலை ஏசிய ஒரு பெண்மணியை அப்படி ஏச வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நம் உம்மாமார் அதைச் சொல்லிச் சொல்லித்தான் நம் நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள். அந்த ஹதீஸ் பாவங்கள் கழிவதைப் பற்றியது. அதற்குள் இன்டர்பெரோனைத் தேடிப் பிடித்துப் பதிவு போடுகிற வேலை எங்களுக்கு வேண்டாம். தீனுக்கு அந்த முட்டுக்கொடுப்புத் தேவையில்லை. ஏசாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் எங்களுக்கு விளங்குகிறது.

அப்படியானால் பெனடோல் எதற்கு? பிள்ளையின் வேதனையையும் சூட்டையும் தணிக்க. வைரஸுக்கும் பெனடோலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எனவே பெனடோல் கொடுத்தும் காய்ச்சல் திரும்ப வருகிறதே என்று பயந்து, நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று, மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டு போவதில் பிரயோசனம் இல்லை. ஈரல்தான் பாதிக்கப்படும். டெங்கில் ஈரல் ஏற்கனவே கஷ்டத்தில் இருக்கும்.

அன்டிபயோட்டிக் விஷயமும் இதுதான். போன தடவை வாங்கி மிச்சம் வைத்த பாணி மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. அந்த மருந்துகள் பக்றீரியாவின் சுவரையோ அது புரதம் செய்யும் இயந்திரத்தையோ தாக்குபவை. வைரஸுக்குச் சுவரும் இல்லை, இயந்திரமும் இல்லை. இல்லாததை எப்படி உடைப்பது? மூன்றாம் நாள் காய்ச்சல் குறைந்ததும் 'மருந்து வேலை செய்திட்டு' என்பார்கள். வேலை செய்தது அவர்களுடைய பிள்ளையின் உடம்பு.

'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று போத்தலில் அடித்து விற்கிற சாமான்களைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும், தண்ணீரும் உள்ளே போகும். ஆனால் நிர்ப்பீடனம் என்பது வானொலிச் சத்தம் மாதிரி கூட்டிக் கூட்டி நன்மை அடைகிற பொருள் இல்லை. நேரத்துக்கு எழும்ப வேண்டும், நேரத்துக்கு அடங்க வேண்டும்.

கொரோனா இதை உலகத்துக்கே காட்டியது. 2020 இல் ஜோன்-லோரன் காசனோவாவின் குழு, உயிராபத்தான நிலைக்குப் போன 987 நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்தது. அவர்களில் 101 பேரின் உடம்பில் தங்களுடைய இன்டர்பெரோனையே முடக்குகிற பிறபொருளெதிரிகள் இருந்தன. அவர்களுடைய ஊரில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. வைரஸ் சத்தமில்லாமல் பெருகிவிட்டது. அதே வருடம் ஜூனில் இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய பரிசோதனை இன்னொன்றைக் காட்டியது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளுக்கு டெக்சாமெதசோன் கொடுத்தபோது இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. டெக்சாமெதசோன் என்ன செய்யும்? நிர்ப்பீடனத்தை அடக்கும்! தொடக்கத்தில் எழும்பாததால் சிலர் போனார்கள், கடைசியில் அடங்காததால் சிலர் போனார்கள்.

வௌவால்களைப் பாருங்கள். எத்தனையோ வைரஸ்களைச் சுமந்துகொண்டு நோயில்லாமல் மரத்தில் தொங்குகின்றன. ஆராய்ந்தவர்கள் சொல்வது, சில வௌவால் இனங்களில் இன்டர்பெரோன் ஏற்பாடு எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது, ஆனால் வீக்கத்தையும் கொந்தளிப்பையும் உண்டாக்குகிற பக்கம் அடக்கமாக இருக்கிறது என்று. நம்மிடம் அந்தக் கட்டுப்பாடு அந்த அளவுக்கு இல்லை.

டெங்கில் ஆபத்து வருவதும் இந்த வழியால்தான். இந்தப் பதிவை எழுதியதற்கு முக்கிய காரணமும் அதுதான், தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள்.

டெங்கில் நான்கு வகை வைரஸ்கள் இருக்கின்றன. ஒரு வகை வந்து சுகமானால் அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நீண்ட காலம் இருக்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் போய்விடும். இரண்டாம் முறை வேறு வகை வரும்போது பழைய பிறபொருளெதிரிகள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் செயலிழக்க வைக்காது. ஒட்டியதை எல்லாம் விழுங்குவது பெருவிழுங்கிக் கலங்களின் கடமை. அவை விழுங்கும். வைரஸுக்கு வேண்டியதும் அதுதான், அது பெருகுவதே அந்தக் கலத்துக்குள். உதவிக்கு வந்தவரே கள்ளனுக்குப் படலையைத் திறந்துவிட்ட கதை. 1960களில் பாங்கொக்கில் டெங்குப் பிள்ளைகளைக் கவனித்த ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்ற வைத்தியர், இரண்டாம் முறை வருபவர்களுக்குத்தான் கடுமையாகிறது என்பதைக் கண்டு இந்த வழியில் யோசித்தார். ஆகவே 'எங்கட மகனுக்கு ஒருக்கா டெங்கு வந்திட்டு, இனிப் பயமில்ல' என்று சொல்லாதீர்கள். பயம் இரண்டாம் முறைதான் கூட.

பெருவிழுங்கிகள் நிறைய வைரஸைக் கண்டதும் தூதுகளை அளவுக்கு மீறி விடும். வைரஸ் வெளியே விடுகிற ஒரு புரதமும் அதோடு சேர்ந்துகொள்ளும். மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் இளகி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். நெஞ்சுக் கூட்டிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சிய இரத்தம் தடிக்கும், அழுத்தம் விழும். இது நடப்பது எப்போது? காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போது இல்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் விடுகிற நேரத்தில். அந்நேரம் வைரஸ் குறைந்துகொண்டு போகும். சண்டை முடிந்துவிட்டது, ஆனால் சண்டைக்கு வந்தவர்கள் வேலியைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

சென்ற மாரியில் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவருக்கு நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்துவிட்டது. உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிச் சீருடை போட்டு அனுப்பினார். தவணைப் பரீட்சை நெருங்கியிருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாம் பாடவேளையில் பிள்ளை மேசையில் தலை வைத்துப் படுத்தது. வயிறு வலிக்கிறது என்றது. கையைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்றும் சொன்னது. முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். இரண்டு நாள் மணித்தியாலக் கணக்கில் சேலைனை அளந்து அளந்து கொடுத்தார்கள். கூடக் கொடுத்தாலும் ஆபத்து, குறையக் கொடுத்தாலும் ஆபத்து என்று அந்த வார்ட்டுத் தாதி சொன்னார். அந்த 24 மணித்தியாலம், 48 மணித்தியாலம் தாண்டினால் குழாய்ச் சுவர் தானாகவே இறுகிவிடும். பிள்ளை தப்பியது. இன்று முன்வரிசையில் இருந்து வாயாடிக்கொண்டிருக்கிறது.

எல்லா வீட்டுக்கும் அப்படி முடியவில்லை. 2017 இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு எனப் பதிவானார்கள். 400 இற்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். அந்த வருடம் மார்ச்சில் கிண்ணியாவில் பாடசாலைகளையே மூடவேண்டி வந்தது. அங்கே ஜனாஸாக்கள் போன வீடுகளில் நமக்கும் உறவினர்கள் இருக்கிறார்கள்.

இனி, வீட்டில் செய்யவேண்டியது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் டொக்டரிடம் காட்டி, மூன்றாம் நாள் எப்.பீ.சீ. எனும் இரத்தப் பரிசோதனை எடுங்கள். முன்கூட்டி எடுக்கச் சொன்னால் எடுங்கள். கர்ப்பிணித் தாய்மார், கைக்குழந்தைகள், சீனி வருத்தம் உள்ளவர்கள் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பெனடோல் மட்டும், நிறைக்கு ஏற்ப டொக்டர் சொன்ன அளவு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. டைக்குளோபினெக், ஐபுபுரூபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். காய்ச்சல் டக்கென்று இறங்கும் என்று சொல்லிப் பின்பக்கம் வைக்கிற மருந்தும் அந்த வகைதான். அவை இரைப்பையில் இரத்தம் கசிய வைக்கும், சிறுதட்டுக்களையும் கெடுக்கும். டெங்கில் இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

குடிக்கக் கொடுங்கள்: ஜீவனி, கஞ்சி, இளநீர், பழச்சாறு. வெறும் தண்ணீர் மட்டும் போதாது. சிவப்பு, மண்ணிற பானங்கள் வேண்டாம், வாந்தியில் இரத்தம் வந்தால் பிரித்தறிய முடியாமல் போகும். எத்தனை தடவை சிறுநீர் போகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். டொக்டருக்கு அது பெரிய உதவி. பப்பாசி இலைச் சாற்றைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்தக் கசப்பை ஊற்றினால் உள்ளே இருக்கிற தண்ணீரும் வெளியே வரும். சிறுதட்டு எண்ணிக்கை கூடியதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் பிழை. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கசிவு.

காய்ச்சல் விட்டதும் பிள்ளை விளையாடுகிறது, பசி என்கிறது என்றால் அல்ஹம்துலில்லாஹ். காய்ச்சல் விட்டும் எழும்ப முடியவில்லை, வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் குளிர்வு, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, முரசிலோ மூக்கிலோ இரத்தம், என்றுமில்லாத தூக்கம் அல்லது அந்தரிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தொழுகை முடியட்டும், வாப்பா கடையிலிருந்து வரட்டும் என்று பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வார்ட்டில் வைத்திருக்கிறார்கள் என்றால், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைப் பற்றி பி.எச்.ஐ. மார் தொண்டை காயச் சொல்லிவிட்டார்கள், நாங்களும் சேர்ந்து சொல்லவில்லை. கூரைப் பீலியை மட்டும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

பாடசாலைக்கு எப்போது அனுப்பலாம் என்றால், காய்ச்சல் விட்டு முழுதாக இரண்டு நாள் போகட்டும். டெங்கு என்று சொல்லியிருந்தால் டொக்டர் சொல்லும் வரை அனுப்ப வேண்டாம். தரம் 10, 11 பிள்ளைகளின் விஞ்ஞான, கணித நோட்ஸை ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு போட்டோ எடுத்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். போன் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலம் கொப்பியைக் கொடுத்தனுப்புவோம். தவணைப் பரீட்சையைத் தவறவிட்டவர்களுக்கு வேறு நாளில் வைக்க அதிபரிடம் பேசியாகிவிட்டது.